தூக்குமேடையும் ஆயுட்சிறையும்

நுவரெலியாவிலிருந்து இராகலை நோக்கிச் செல்லும் பாதையிலே, கடல் மட்டத்துக்கு 6,000 அடிக்கு மேல், பனியும் தேயிலையும் மரக்கறித் தோட்டங்களும் சூழ அமைந்திருப்பது கந்தப்பளை. கொடிய கொலைச் செய்தி ஒன்று பத்திரிகையில் வெளிவரும் நாளிலே அவ்வூர்க் கடைத்தெருவில் எழும் பேச்சு, இத்தீவின் ஏனைய ஊர்களில் எழும் பேச்சைப் போன்றதே. "இப்படிப்பட்டவனைத் தூக்கிலே போடாமல் சோறு போட்டு வளர்க்கிறார்களே!" என்பார் ஒருவர். "தூக்கிலே போட்டால் செத்த பிள்ளை திரும்பி வருமா?" என்பார் மற்றொருவர். தேநீர் ஆறுவதற்குள் பேச்சு வேறு திசைக்குப் போய்விடும். ஆனால் அவ்விருவரும் தொட்டுச் சென்ற கேள்வியோ மன்னர்களையும் புலவர்களையும் நீதிபதிகளையும் நெடுங்காலம் வருத்திய கேள்வியாகும். கொலை செய்தவனின் உயிரை அரசு எடுத்தல் நீதியா, அல்லது அவனை ஆயுட்காலம் முழுவதும் சிறையில் வைத்தல் நீதியா என்பதை இன்று வரலாற்றின் துணைகொண்டு நோக்குவோம். சட்டநூல்களைக் காட்டிலும் நம் நாட்டு நிகழ்ச்சிகளே இதில் நமக்கு அதிகம் கற்பிக்கின்றன என்பது என் எண்ணம்.

திருவள்ளுவர் செங்கோன்மை அதிகாரத்தின் இறுதிக் குறளிலே, கொடியவரை வேந்தன் ஒறுத்தலைப் பயிரினிடையே களை பிடுங்குவதற்கு ஒப்பிடுகிறார். அவ்விடத்துக் குறிக்கப்படுவது கொலைத் தண்டனையே என்று பரிமேலழகர் உரை கண்டார். மரண தண்டனையை ஆதரிக்கும் தமிழறிஞர்கள் முதலில் எடுத்துக் காட்டுவது இக்குறளையே. களை எடுப்பது யாதெனத் தேயிலைத் தோட்டத்து மக்களுக்கு எவரும் கற்பிக்க வேண்டியதில்லை. களையோடு களையாகத் தேயிலைக் கன்றொன்றும் கைப்பிசகால் பெயர்ந்து வந்துவிட்டால் கங்காணி ஏசுவார். அடுத்த மழைக்கு அந்தக் குழியிலே வேறொரு கன்றை நட்டு விடலாம். மனிதனைப் பிடுங்கிய குழியில் எதை நடுவது? இக்கேள்வியை விடுத்தவரும் தமிழ்ப் புலவரே. ஆராயாது கோவலனைக் கொல்லப் பணித்த பாண்டியன், தன் பிழையை உணர்ந்த கணத்திலேயே அரியணையில் உயிர்நீத்தான் எனச் சிலப்பதிகாரம் கூறும். தவறான மரண தண்டனைக்கு ஈடு செய்ய அரசனிடத்தும் வேறு எதுவும் இருக்கவில்லை என்பதே அங்குப் பெறப்படும் பொருள். மணிமேகலையிலோ, துறவு பூண்ட அப்பெண் சோழ மன்னனிடம் கேட்ட வரம், சிறைக்கோட்டத்தை அறக்கோட்டமாக மாற்ற வேண்டும் என்பதாகும். சிறை என்பது எதற்காக என்ற வினா அக்காலத்திலேயே எழுந்துவிட்டது.

இத்தீவின் பழைய வரலாற்று நூலாகிய மகாவம்சத்திலும் இவ்விரு போக்குகளும் அருகருகே நிற்கின்றன. அநுராதபுரத்தில் ஆண்ட தமிழ் மன்னன் எல்லாளன், தேர்க்காலில் கன்றைக் கொன்ற தன் மகனுக்கு அதே முறையில் மரணம் விதித்தான். பகைவர் தரப்பு நூலே அவனுடைய நீதியை வியந்து போற்றுகிறது. அதே நூல், பிற்காலத்து மன்னன் வோகாரிக தீசன் உடலூறு செய்யும் தண்டனைகளை விலக்கினான் என்றும் புகழ்கிறது. சிறிசங்கபோதி மன்னன் செய்தது இன்னும் விநோதமானது. மரண தண்டனைக்குரிய குற்றவாளிகளை அவன் இரவிலே மறைவாக விடுவித்து, வேறு பிணங்களை எரித்துக் காட்டிக் குடிகளின் அச்சத்தைத் தணித்தானாம். குடிகளுக்குத் தண்டனை நடந்தது போன்ற தோற்றம் வேண்டும், மன்னனுக்கோ கொல்ல மனம் வரவில்லை. இந்நாட்டின் அண்மைக்கால ஆட்சியாளர் பலரின் நிலையும் ஏறத்தாழ இதுவே என்பதைப் பின்னர்க் காண்போம்.

கண்டி இராச்சியத்தின் இறுதி நாட்களிலே தண்டனை வழங்கும் அதிகாரம் எவ்வளவு கொடூரமாக மாறக்கூடும் என்பது வெளிப்பட்டது. 1814ஆம் ஆண்டில் எகலப்பொலவின் மனைவி மக்கள் அடைந்த முடிவை அறியாதார் இலர். மறு ஆண்டு கண்டி ஆங்கிலேயர் வசமாயிற்று. 1815ஆம் ஆண்டின் கண்டி ஒப்பந்தம் சித்திரவதையையும் அங்கங்களைச் சிதைத்தலையும் ஒழித்தது. தேசாதிபதியின் எழுத்து மூலமான ஆணையின்றி எவருடைய மரண தண்டனையும் நிறைவேற்றப்படலாகாது என்றும் விதித்தது. கடைசிக் கையொப்பம் நாட்டின் தலைவருடையதாயிருக்க வேண்டும் என்னும் இவ்விதி, வடிவம் மாறி மாறி இன்றுவரை தொடர்கிறது. ஆனால் ஆணை எழுதப்படுவதால் மட்டும் கை தூய்மையாகி விடுவதில்லை. மூன்றாண்டுகளின் பின், 1818இல், ஊவாக் கிளர்ச்சித் தலைவர் கெப்பெட்டிபொல தலை துணிக்கப்பட்டார். அன்றைய அரசுக்குத் துரோகியாயிருந்த அவர் சுதந்திர இலங்கையில் தேசிய வீரராகப் போற்றப்படுகிறார்.

இனித் தோட்டப்புறத்துக்கு வருவோம். இந்தியாவிலிருந்து வந்த நம் மூதாதையருக்குச் சிறை என்பது கொலைகாரர் புகும் இடமாக மட்டும் இருக்கவில்லை. 1865ஆம் ஆண்டின் 11ஆம் இலக்கத் தொழில் ஒப்பந்தச் சட்டத்தின்படி, முன்னறிவித்தலின்றித் தோட்டத்தை விட்டு நீங்குவதே சிறைத் தண்டனைக்குரிய குற்றம். கங்காணியிடம் பட்ட கடனைத் தீர்க்க இயலாமல் இரவோடு இரவாக லயத்தை விட்டு ஓடியவன் விலங்கிடப்பட்டு மீண்டான். கடனைக் கணக்கிட்டு ஆளைத் தோட்டத்துக்குத் தோட்டம் கைமாற்றிய துண்டு முறை 1921இல் ஒழிந்தது. தொழில் ஒப்பந்தத்தை மீறியதற்காகச் சிறையிடும் வழக்கமும் அதையொட்டியே நீங்கிற்று. ஆகவே, 'சட்டம் தன் கடமையைச் செய்யும்' என்று பிறர் அமைதியாகக் கூறும்போது, தோட்டப்புறத்து முதியவர்கள் அவ்வளவு எளிதில் தலையசைக்காதிருந்தமைக்குக் காரணம் உண்டு. தண்டனையின் அளவைப் பற்றிப் பேசுமுன், தண்டிப்பவர் யார், தண்டிக்கப்படுபவர் யார் என்று கேட்கும் பழக்கம் அவர்களுக்கு அனுபவத்தால் வந்தது.

அப்பழக்கத்தை உறுதிப்படுத்திய இரு நிகழ்ச்சிகள் 1940ஐ ஒட்டி நிகழ்ந்தன. 1940 சனவரியில், ஹேவாஹெட்டைப் பகுதியிலுள்ள முல்லோயாத் தோட்டத்தில் வேலைநிறுத்தம் நடந்தபோது, கோவிந்தன் என்னும் தொழிலாளி பொலிசாரின் துப்பாக்கிச் சூட்டுக்கு இரையானார். விசாரணை ஆணைக்குழு அமைந்தது. அதையொட்டி எழுந்த பிணக்கு, தேசாதிபதியோடு முரண்பட்டு அமைச்சர்கள் பதவி துறக்கும் அளவுக்குச் சென்றது. எனினும் கோவிந்தனின் உயிருக்காக எவரும் தூக்குமேடை ஏறவில்லை. அடுத்த ஆண்டு, 1941இல், புசல்லாவைப் பக்கத்து ஸ்டெலன்பேர்க் தோட்டத்தின் துரை போப் என்பவர் தொழிலாளர் சிலரால் கொலையுண்டார். அக்காலத்தில் தோட்டங்களிலே தொழிற்சங்கங்கள் தலையெடுத்துக் கொண்டிருந்தன. துரைமாருக்கும் தொழிலாளருக்கும் இடையே பகை முற்றியிருந்தது. வழக்கு நடந்தது. வீராசாமி, வேலாயுதன் என்னும் இருவர் 1942இல் தூக்கிலிடப்பட்டனர்.

போப் துரையின் கொலையை நியாயப்படுத்துவது என் கருத்தன்று. உயிர் உயிரே, துரையின் உயிரும் உயிரே. ஆனால் இரண்டு ஆண்டுக்குள் இரண்டு சாவுகள் நிகழ, ஒன்றுக்கு ஆணைக்குழு அறிக்கையும் மற்றொன்றுக்குத் தூக்குக் கயிறும் கிடைத்தமையை மலைநாட்டு மக்கள் கண்டனர். அன்றைய முறையில் ஏழு யூரர்கள் அமர்ந்து முடிவு கூறுவர். ஐவர் ஒருபுறமும் இருவர் மறுபுறமும் நின்றாலும் தீர்ப்பு செல்லும். இருவர் ஐயுறும் நிலையிலும் ஓர் உயிர் போகலாம் என்பதே அதன் பொருள். சிறையில் இருப்பவனுக்காக நாளை புதிய சான்று வரலாம், ஆட்சி மாறலாம், மனம் மாறலாம். வீராசாமிக்கும் வேலாயுதனுக்கும் இந்த 'நாளை' இல்லாமற் போயிற்று. ஆறு ஆண்டுகளில் நாடு சுதந்திரம் பெற்றது. பதினான்கு ஆண்டுகளில் தூக்குத் தண்டனையை நிறுத்திவைக்க முனைந்த அரசாங்கமும் வந்தது.

அந்த வரலாறு சிறிது விரிவாகச் சொல்லத்தக்கது. 1928இலேயே சட்டநிரூபண சபையில் மரண தண்டனையை ஒழிக்க வேண்டும் என்னும் பிரேரணை நிறைவேறியது, ஆனால் சட்டமாகவில்லை. 1956இல் பதவிக்கு வந்த பிரதமர் எஸ். டபிள்யூ. ஆர். டி. பண்டாரநாயக்க தூக்குத் தண்டனையை நிறுத்தி வைத்தார். 1958ஆம் ஆண்டின் 20ஆம் இலக்கச் சட்டம் அதற்கு வடிவம் தந்தது. மூன்று ஆண்டுகள் சோதனையாக நிறுத்திப் பார்ப்பதே நோக்கம். உண்மையை ஆராய அவுஸ்திரேலிய சட்டப் பேராசிரியர் நோர்வல் மொறிஸ் தலைமையில் ஓர் ஆணைக்குழுவும் நியமிக்கப்பட்டது. நம் பல்கலைக்கழகத்துச் சட்டப் பேராசிரியர் தம்பையா நடராசா அதில் ஓர் உறுப்பினர். தூக்கை நிறுத்தியதால் கொலைகள் பெருகின என்பதற்குச் சான்று இல்லை என்று ஆணைக்குழு 1959இல் முடிவு கூறியது. இந்நாட்டுக் கொலைகளுட் பல, வேலித் தகராறிலும் குடிவெறியிலும் பழஞ்சண்டையிலும் கை கத்தியைப் பற்றிய கணத்தில் நிகழ்பவை. அக்கணத்தில் தண்டனைச் சட்டக்கோவையின் பிரிவுகளை எண்ணிப் பார்ப்பவர் எத்தனை பேர்?

ஆணைக்குழு கூறியதைப் பாராளுமன்றம் அமைதியாக ஆராயுமுன் பேரிடி விழுந்தது. 1959 செப்டெம்பர் 25ஆம் நாள், கொழும்பு ரொஸ்மீட் பிளேசிலுள்ள தம் இல்லத்தில் பிரதமர் சுடப்பட்டார். மறுநாள் உயிர் நீத்தார். சுட்டவர் சோமராம என்னும் பிக்கு. மருத்துவமனையிலிருந்து பிரதமர் மக்களுக்கு விடுத்த செய்தியிலே, தம்மைச் சுட்டவரிடம் இரக்கம் காட்டுங்கள், பழி வாங்க முனையாதீர்கள் என்று கேட்டுக்கொண்டார். தூக்கை நிறுத்திய மனிதர் தம்மைக் கொன்றவனுக்கும் அதே நெறியைப் பொருத்தினார் என்பது நினைக்கத்தக்கது. ஆனால் நாட்டின் சினம் வேறு வழியில் சென்றது. அவருக்குப் பின் வந்த தகநாயக்க அரசாங்கம் அவ்வாண்டு இறுதியிலேயே மரண தண்டனையை மீட்டது. அச்சட்டம் முன்னர் நடந்த கொலைக்கும் பொருந்துமாறு பின்னோக்கி வரையப்பட்டது. குற்றம் நிகழ்ந்தபோது இல்லாத தண்டனையைக் குற்றத்தின் பின் ஆக்குவது சட்டத்தின் பழைய மரபுக்கே மாறானது. துக்கத்தில் இருந்த நாடு அதைப் பொருட்படுத்தவில்லை.

1961இல் நடந்த வழக்கில் மூவருக்கு மரண தண்டனை விதிக்கப்பட்டது: சுட்டவரான சோமராம, சதியின் மூளை எனப்பட்ட புத்தரக்கித்த தேரர், எச். பி. ஜயவர்தன. மேன்முறையீட்டில்தான் விந்தை நேர்ந்தது. அவசரத்தில் வரைந்த மீட்புச் சட்டம், கொலைக்கான தண்டனையைப் பின்னோக்கிச் செல்லச் செய்ததே அன்றிக் கொலைச் சதிக்கான தண்டனையை அவ்வாறு செய்யவில்லை. ஆகவே சதி செய்த இருவரின் தண்டனையும் ஆயுட்காலச் சிறையாயிற்று. ஏவப்பட்ட கை 1962 யூலை 6ஆம் நாள் வெலிக்கடையில் தூக்கிலே தொங்கியது. ஏவிய தலையெனக் கூறப்பட்ட புத்தரக்கித்த தேரர் சிறையில் 1967இல் இயற்கை மரணமெய்தினார்.

நேயர்களே, ஒரே குற்றம், ஒரே வழக்கு, ஒரே மாதங்களில் தீர்ப்பு. ஒருவருக்குக் கயிறும் மற்றவருக்குச் சிறையும் வாய்த்தமைக்குக் காரணம், அவரவர் பாவத்தின் கனம் என்று எவரும் கூற இயலாது. சட்டம் எழுதியவரின் எழுதுகோல் ஓரிடத்தில் தவறியதே காரணம். மரண தண்டனைக்கு ஆதரவாகச் சொல்லப்படும் வலிய வாதம், குற்றத்துக்கு ஏற்ற ஈடு அதுவே என்பதாகும். அந்த ஈட்டுத் தராசு இந்நாட்டின் மிகப் பெரிய வழக்கிலேயே, நாடு முழுவதும் கண் விழித்துப் பார்த்திருக்கையில், ஒரு சொல்லின் குறையால் சாய்ந்தது. பெயரற்ற ஏழை ஒருவனின் வழக்கில், வாதாட வல்ல வழக்கறிஞர் இல்லாதபோது, அத்தராசு நேராய் நிற்கும் என்று எவ்வாறு நம்புவது?

மலைநாட்டின் தூக்குமேடை கண்டிப் போகம்பறைச் சிறையில் இருந்தது. 1975 ஆகத்து மாதத்தில் அங்கே மரு சிறா எனப் பெயர் பெற்ற கைதியைத் தூக்கிலிட்டனர். பலமுறை சிறைதப்பிய அவனுக்கு முந்திய இரவு மருந்து மிகையாகக் கொடுக்கப்பட்டமையால், அவனை நினைவற்ற நிலையில் படுக்கையிலே சுமந்து சென்று கயிற்றை மாட்டினர் என்னும் செய்தி நாட்டைக் கலங்க வைத்தது. தான் தண்டிக்கப்படுவதை அறியாத ஒருவனைத் தண்டிப்பதன் பெயர் என்ன என்று அன்று பலரும் கேட்டனர். மறு ஆண்டு, 1976 யூன் மாதத்தில், வெலிக்கடையில் நிகழ்ந்ததே இந்நாட்டின் கடைசித் தூக்கு. போகம்பறைச் சிறையும் 2014இன் தொடக்கத்தில் மூடப்பட்டுவிட்டது.

அன்று தொட்டுத் தூக்குமேடை ஓய்ந்திருக்கிறது, சட்டப்புத்தகம் ஓயவில்லை. நீதிமன்றங்கள் மரண தண்டனையை விதித்துக் கொண்டேயிருக்கின்றன. ஆயிரத்துக்கு மேற்பட்டோர் அத்தண்டனையைச் சுமந்து சிறையில் இருந்திருக்கின்றனர். 1978ஆம் ஆண்டு அரசியலமைப்பின்படி, தீர்ப்பளித்த நீதிபதியின் அறிக்கையும் சட்டமா அதிபரின் ஆலோசனையும் நீதி அமைச்சரின் கருத்தும் சனாதிபதியிடம் செல்ல வேண்டும். சனாதிபதிகள் கையொப்பமிடவில்லை. ஆனால் நாட்டில் பெருங்குற்றம் நிகழும்போதெல்லாம் தூக்குமேடைப் பேச்சு எழும். 2004 நவம்பரில் மேல் நீதிமன்ற நீதிபதி சரத் அம்பேபிட்டிய சுட்டுக் கொல்லப்பட்டபோது எழுந்தது. 2019இல் போதைப்பொருட் குற்றவாளிகள் நால்வருக்கான ஆணையில் அன்றைய சனாதிபதி கையொப்பமிட்டார். அலுகோசுப் பதவிக்கு விளம்பரம் வெளியாகி நூற்றுக்கு மேற்பட்டோர் விண்ணப்பித்தனர்! உயர் நீதிமன்றம் தடையுத்தரவு பிறப்பித்தது. சிறிசங்கபோதி மன்னன் பிறருடைய பிணத்தை எரித்துக் காட்டினான். நம் காலத்தவர் கயிற்றை மட்டும் காட்டி மக்களைத் தேற்றுகின்றனர்.

இந்த இரண்டுங்கெட்ட நிலையால் விளைந்த அநீதிக்கு ஓர் எடுத்துக்காட்டுப் போதும். 2000 திசெம்பரில் யாழ்ப்பாணத்து மிருசுவிலில், ஐந்து வயதுக் குழந்தை உட்பட எட்டுத் தமிழ்ப் பொதுமக்கள் கொல்லப்பட்டனர். இராணுவத்தினர் ஒருவருக்கு 2015இல் மரண தண்டனை விதிக்கப்பட்டது. உயர் நீதிமன்றமும் 2019இல் அதை உறுதி செய்தது. 2020 மார்ச்சில் சனாதிபதியின் பொதுமன்னிப்பால் அவர் வீடு சென்றார். மரணம் என்று எழுதிய தீர்ப்பு, ஐந்து ஆண்டுச் சிறையளவும் நில்லாமற் போயிற்று. எழுத்திலே மிகக் கடுமையான தண்டனை, நடைமுறையிலே யார் கருணைக்கும் ஆளாகும் வெற்றுச் சொல்லாகிறது. இன்னின்ன ஆண்டுகள் கழியாமல் விடுதலை இல்லை என்று வரையறுத்த ஆயுட்சிறை அந்நாளில் இருந்திருப்பின், அக்குழந்தையின் உறவினர் பெற்றிருக்கக்கூடிய நீதி இதனினும் பெரிது.

கடலுக்கு அப்பாலும் நோக்குவோம். இராஜீவ் காந்தி கொலை வழக்கிலே 1998இல் 26 பேருக்கு மரண தண்டனை விதிக்கப்பட்டது. மறு ஆண்டு இந்திய உச்ச நீதிமன்றம் நால்வருக்கே அதை உறுதி செய்தது. 19 பேர் அக்குற்றச்சாட்டிலிருந்து விடுபட்டு வெளியேறினர். முதல் தீர்ப்பு உடனே நிறைவேறியிருந்தால் என்னவாகியிருக்கும் என்று எண்ணுகையில் நெஞ்சு நடுங்குகிறது. நால்வருள் ஒருவரான பேரறிவாளனைத் தூக்கிலிட 2011 செப்டெம்பர் 9ஆம் நாள் குறிக்கப்பட்டது. சென்னை உயர் நீதிமன்றம் தடுத்தது. அவருடைய வாக்குமூலத்தைப் பதிவு செய்த அதிகாரியே, அவருக்குச் சார்பான ஒரு பகுதியைத் தாம் எழுதாது விட்டதாக 2013இல் வெளியிட்டார். 2014இல் தண்டனை ஆயுளாகக் குறைந்தது. 2022 மே மாதத்தில் அவர் விடுதலையானார். நாள் குறித்த அந்தச் செப்டெம்பரில் கயிறு இறுகியிருந்தால், அதிகாரியின் வாய் திறந்தும் பயன் இராது.

மறுதரப்பின் நியாயத்தையும் மறைக்கலாகாது. மகளைப் பறிகொடுத்த தாய், கொன்றவன் உயிரோடு உண்பதையும் உறங்குவதையும் நினைந்து வெந்து போவது இயல்பு. அவளுக்கு உபதேசம் செய்ய எவருக்கும் உரிமை இல்லை. ஆயுட்காலச் சிறை என்று தீர்ப்பளித்து, சில ஆண்டுகளில் செல்வாக்குள்ளவனை வெளியே விடுவதாயின், அத்தாயின் சினமே நியாயமானது. மரண தண்டனைக்கு ஆதரவாக மக்கள் எழுப்பும் குரலுள் பெரும்பகுதி, உண்மையில் ஆயுட்சிறையின் மீதுள்ள அவநம்பிக்கையே என்று நான் கருதுகிறேன். அந்த அவநம்பிக்கையை ஆட்சியாளரே தேடிக் கொண்டனர். மற்றொரு புறம், ஒளியும் காற்றும் புகாத நெருக்கடியில் மனிதரை அடைத்து, விசாரணை எதுவுமின்றி மறந்து விடுவதும் நீதியாகாது; அது தூக்கின் நீண்ட வடிவமாகிவிடும்.

ஆகவே என் துணிபு ஆயுட்சிறையின் பக்கமே. ஆனால் அது இன்னும் ஒழுங்குபடுத்தப்பட வேண்டிய ஆயுட்சிறை. குறைந்தது எத்தனை ஆண்டு என்பதைத் தீர்ப்பளிக்கும் நீதிமன்றமே திறந்த மன்றில் கூற வேண்டும். அதன்பின் விடுதலை பற்றிய முடிவு, காரணங்கள் எழுதப்பட்ட விசாரணை வழியே வரவேண்டும். கொல்லப்பட்டவரின் குடும்பத்துக்கு அவ்விசாரணையில் பேச இடம் வேண்டும். கைதிக்கும் வழக்கறிஞர் வேண்டும், அவன் தோட்டத் தொழிலாளியாயினும் சரியே. பண்டிகை நாட்களிலும் பதவி முடியும் நாட்களிலும் வழங்கப்படும் மன்னிப்புகளுக்கு எல்லை வேண்டும். 2022இல் தாம் மரண தண்டனை ஆணையில் கையொப்பமிடப் போவதில்லை என்று அன்றைய சனாதிபதி உயர் நீதிமன்றத்துக்கு அறிவித்தார். அது ஒரு தலைவரின் வாக்கு, அடுத்தவரைக் கட்டாது. 1928இல் சட்டநிரூபண சபை தொடங்கி வைத்த காரியத்தை முடித்து வைக்க வேண்டிய இடம் பாராளுமன்றமே.